பிணியுற்ற வழிப்போக்கர்

உள்ளூரில் நோயுற்றவனுக்கு உறவு உண்டு; அண்டை அயல் உண்டு; கடன் சொல்லி மருந்து வாங்குவதற்கு அறிமுகமான கடையும் உண்டு. அயலூரில் நோயுற்றவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவன் பேசும் மொழி அங்குள்ளார்க்கு விளங்காது. மடியில் இருக்கும் பணமோ ஊர் திரும்புவதற்கே போதாது. இத்தகைய ஒருவனை ஒரு நகரம் எவ்வாறு நடத்துகிறது என்பதைக் கொண்டு, அந்நகரத்தின் மருத்துவச் சிறப்பை மட்டுமன்றி அதன் மனத்தையும் அறிந்து கொள்ளலாம்.

இன்றோ பயணத்தின் போக்கு மாறிவிட்டது. வழியில் நோயுறுவது போக, நோயைச் சுமந்து கொண்டே வழி புறப்படுவது வழக்கமாகிவிட்டது. தன் நாட்டில் ஆகும் செலவையும் பிறநாட்டில் ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்த்து, விடுமுறையையும் சிகிச்சையையும் ஒரே பயணத்தில் முடித்துக் கொள்வோர் பலர். அமெரிக்கர்கள் மெக்ஸிகோவின் எல்லையைத் தாண்டி, லாஸ் அல்கோதோனெஸ் என்னும் சிற்றூரில் பல் கட்டிக் கொண்டு திரும்புகின்றனர். ஆஸ்திரியர்கள் அதே காரியத்திற்காக ஹங்கேரிக்குச் செல்கின்றனர். வழுக்கையில் முடி நடுவதற்காக இஸ்தான்பூலுக்குச் செல்வோர், அப்படியே அந்நகரின் பள்ளிவாசல்களையும் கடைவீதிகளையும் கண்டு வருகின்றனர். மாலத்தீவினரும் ஓமானியரும் வங்கதேசத்தினரும் சென்னைக்கும் வேலூருக்கும் வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். இதற்கு 'மருத்துவச் சுற்றுலா' என்று பெயர் வைத்திருக்கின்றனர்.

பெயர் புதியதாக இருக்கலாம், செயல் புதியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்க நாட்டின் எபிதாரஸ் நகருக்கு, அஸ்கிலீபியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தின் ஆலயத்தை நாடி நோயாளிகள் திரண்டு வந்தனர். அங்கே அவர்கள் துயிலும் மண்டபம் இருந்தது. நாடக அரங்கும் விளையாட்டுத் திடலும் இருந்தன. நோய் தீர்த்தலும் பொழுது போக்கலும் ஒரே ஊரில் நிகழ்ந்தன. ஆகவே, நோயாளி ஏன் ஊர் விட்டு ஊர் போகிறான் என்பது பெரிய வினா அன்று. போன இடத்தில் அவனுக்காகும் செலவை ஏற்பவர் யார் என்பதே வினா. இதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. அவ்விடைகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

அலெக்ஸாந்திரியாவில் கண்ட காட்சி

கிரனடா நகர ஆளுநரின் எழுத்தராக இருந்த இப்னு ஜுபைர், 1183 ஆம் ஆண்டு ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு, கடல் வழியே அலெக்ஸாந்திரியாவில் கரையிறங்கினார். எகிப்து அப்போது சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் ஆட்சியில் இருந்தது. துறைமுகச் சுங்கச் சாவடியில் பயணிகள் பட்ட அவதியை இப்னு ஜுபைர் மறைக்காமல் எழுதியுள்ளார். அதே பேனாவால் அந்நகரில் தாம் கண்டு வியந்த மற்றோர் ஏற்பாட்டையும் அவர் எழுதினார்.

தொலைநாடுகளிலிருந்து கல்வியை நாடியும் வழிபாட்டை நாடியும் வருகின்ற அயலாருக்கு அந்நகரில் தங்குமிடமும் கற்குமிடமும் குளியலறைகளும் அமைக்கப்பட்டிருந்தன. அவர்கள் நோயுற்றால் சிகிச்சை பெறுவதற்கு ஒரு மருத்துவ இல்லம் இருந்தது; அதில் மருத்துவர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். இவ்வளவோடு நின்றிருந்தால் அது வழக்கமான அறச்செயல் என்று கடந்து போகலாம். ஆனால் மருத்துவ இல்லத்திற்குத் தாமே வந்து நிற்கக் கூச்சப்படுகின்ற அயலாரும் இருப்பர் அல்லவா? அவர்களைத் தேடிச் சென்று பார்த்து, அவர்களது நிலைமையை மருத்துவருக்குத் தெரிவிப்பதற்கென்றே தனி ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர்.

வறியவன் கைநீட்டும்போது கொடுப்பது எளிது. கைநீட்ட நாணுகின்ற அயலானின் வாசலுக்குப் போய் விசாரிப்பது அரிது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு துறைமுக நகரம் அந்த அரிய காரியத்தை ஓர் அலுவலாகவே அமைத்திருந்தது. ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் 'இப்னுஸ் ஸபீல்' எனப்படும் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம். சொந்த ஊரில் செல்வனாக இருப்பவனும் வழியில் பொருளிழந்து நின்றால் உதவிக்கு உரியவனே. அலெக்ஸாந்திரியாவின் ஏற்பாட்டை இந்த அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

டமாஸ்கஸின் மருந்து, கெய்ரோவின் மாளிகை

அக்காலத்து மருத்துவமனைக்குப் 'பீமாரிஸ்தான்' என்பது பெயர். பீமார் என்றால் நோயாளி என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த சொல்தான். டமாஸ்கஸில் நூருத்தீன் ஜங்கி 1154 ஆம் ஆண்டில் ஒரு பீமாரிஸ்தானை நிறுவினார். சிறைப்பட்ட ஃபிராங்கியத் தலைவர் ஒருவரின் மீட்புத் தொகையைக் கொண்டு அது கட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். 1184 இல் அந்நகருக்கு வந்த இப்னு ஜுபைர், அதன் அன்றாடச் செலவு ஏறத்தாழ 15 தீனார் என்று குறித்துள்ளார். அந்தக் கட்டடம் பிற்காலத்தில் அரபு மருத்துவ அறிவியல் காட்சியகமாக மாற்றப்பட்டது.

இந்த மருத்துவமனையைப் பற்றி இனிய நிகழ்ச்சி ஒன்றைக் கலீல் இப்னு ஷாஹீன் அல்-ளாஹிரீ எழுதி வைத்துள்ளார். ஹிஜ்ரி 831 இல் அவர் டமாஸ்கஸுக்குச் சென்றபோது உடன் ஒரு பாரசீகர் இருந்தார். பீமாரிஸ்தானில் நோயாளிகளுக்குப் பரிமாறப்படும் உணவையும் அங்குள்ள வசதிகளையும் கண்ட அந்தப் பாரசீகர், நோயாளியைப் போல் நடித்து உள்ளே படுத்துக் கொண்டார். தலைமை மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், உண்மை விளங்கிவிட்டது. ஆயினும் ஒன்றும் பேசவில்லை. கொழுத்த கோழியும் இனிப்பும் பழங்களும் பானங்களுமாக உணவு கொடுக்கும்படி எழுதினார். மூன்று நாள் கழிந்தபின், விருந்து என்பது மூன்று நாளைக்குத்தான் என்ற கருத்தில் ஒரு சீட்டெழுதி அவரிடம் கொடுத்தனுப்பினார். விருந்தும் மருந்தும் ஒருங்கே பெற்ற அந்தப் பயணியை இன்றைய மருத்துவச் சுற்றுலாவின் முன்னோடி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அவரிடம் யாரும் பணம் கேட்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

இதைவிட முக்கியமான பயணி ஒருவர் அவருக்கு முன்னரே அந்த ஊரில் நோயுற்றுக் கிடந்தார். ஹிஜ்ரி 675 இல், அதாவது 1276-77 இல், மம்லூக்குப் படைத்தலைவராகப் போர்மேல் சென்ற கலாவூன் என்பவர் டமாஸ்கஸில் கடுமையான வயிற்றுவலிக்கு ஆளானார். நூருத்தீனின் பீமாரிஸ்தானிலிருந்து கொண்டுவந்த மருந்துகளால் அவர் குணமடைந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் தாமே நேரிற் சென்று அந்த மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தார். தமக்கு ஆட்சி கிட்டுமாயின் இத்தகைய ஒன்றைக் கட்டுவேன் என்று நேர்ந்து கொண்டார். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தரும் செய்தி இது.

1279 இல் கலாவூன் சுல்தானானார். நேர்ந்தபடியே கெய்ரோவில் 1284 இல் மன்ஸூரீ பீமாரிஸ்தானை எழுப்பினார். ஆண், பெண், செல்வர், வறியர், நகரவாசி, பிறநாடுகளிலிருந்து வருவோர் என்ற வேறுபாடின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்று அதன் வக்ஃபு ஆவணம் விதித்தது. கடைகள், விடுதிகள், நிலங்கள் ஆகியவற்றின் வருமானம் அதற்கென ஒதுக்கப்பட்டது. நோயாளி குணமாகும் வரை தங்கலாம்; இறந்துவிட்டால் அடக்கச் செலவும் வக்ஃபையே சேரும். 1326 இல் கெய்ரோவைக் கண்ட இப்னு பதூதா, அந்த மருத்துவமனையின் அழகை விவரிக்க இயலாது என்றும், அதன் வருமானம் நாளொன்றுக்கு ஆயிரம் தீனார் எனச் சொல்லப்படுகிறது என்றும் எழுதினார். நுரையீரல் வழியே குருதி செல்லும் பாதையை முதன்முதலில் விளக்கிய இப்னு நஃபீஸ், 1288 இல் மறைந்தபோது தமது இல்லத்தையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

வேற்றூரில் நோயுற்ற ஒரு பயணிக்குக் கிடைத்த மருந்து, மற்றொரு நகரில் பல்லாயிரம் நோயாளிகளுக்கு நிழலாயிற்று. ஆயினும் இந்தப் புகழ்ச்சித்திரத்தின் மறுபக்கத்தையும் அதே மக்ரீஸீ எழுதத் தவறவில்லை. கட்டட வேலையை மேற்பார்த்த அமீர், கைவினைஞரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார். தெருவில் போனவர்களைக் கூடக் கல் சுமக்கச் செய்தார். அந்த இடத்து மனையும் முறையாகப் பெறப்படவில்லை என்ற குறை எழுந்தது. அங்கே தொழுவது கூடாது என்று கருதிய மார்க்க அறிஞர்களும் இருந்தனர். நோயாளிக்குச் செய்யும் நன்மைக்காக மற்றொருவனின் உழைப்பைப் பறிக்கலாமா என்று அவர்கள் கேட்ட கேள்வி, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பழையதாகிவிடவில்லை. அதனை மீண்டும் சந்திப்போம்.

மதுரையில் ஒரு காய்ச்சல்

எல்லா ஊரும் கெய்ரோ அன்று. அதே இப்னு பதூதா 1340-களில் மஅபரின் சுல்தானுக்குரிய மதுரைக்கு வந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர் என்று அவர் எழுதுகிறார். அவரையும் கொடிய காய்ச்சல் பற்றியது. உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அவருக்கு இல்லை. மதுரையில் அவருக்கு மருத்துவமனை கிடைக்கவில்லை; புளி கிடைத்தது. அரபியில் 'தமர் ஹிந்தீ', இந்தியப் பேரீச்சை என்றழைக்கப்படும் அதனை ஏறத்தாழ ஓர் இராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு இளகிப் போயிற்று; இறையருளால் காய்ச்சல் நீங்கியது. ஊர் வேண்டாம் என்று விடைபெற்றுப் புறப்பட்டுவிட்டார்.

அரசர்களின் விருந்தாளியாகவே உலகைச் சுற்றியவர் இப்னு பதூதா. டமாஸ்கஸில் காய்ச்சல் கண்டபோது கூட ஒரு மாலிக்கீ ஆசிரியர் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்துக் கொண்டார். அத்தகையவருக்கும் மதுரையில் கிடைத்தது சந்தைச் சரக்கு ஒன்றே. மருத்துவம் நிறுவனமாக அமையாத ஊரில் செல்வாக்கும் செல்லாது என்பதற்கு இது சான்று. மதுரைக்கு இக்கட்டுரையின் முடிவில் வேறொரு காரணத்திற்காகத் திரும்பி வருவோம்.

பிரைட்டனில் பாட்னாக்காரர்

வக்ஃபுகள் காலப்போக்கில் மெலிந்தன. கெய்ரோவை 1798 இல் கைப்பற்றிய ஃபிரெஞ்சுக்காரர்கள் மன்ஸூரீ பீமாரிஸ்தானைச் சீர்குலைந்த நிலையிலேயே கண்டனர். அதே காலத்தில் ஐரோப்பாவில், பணமுடையோரின் ஓய்வுப் பயணமும் மருத்துவமும் கைகோத்து வளர்ந்தன. இங்கிலாந்தின் பாத், பெல்ஜியத்தின் ஸ்பா, பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத் போன்ற ஊற்றுநீர் நகரங்களில் காலையில் மருத்துவ நீர் அருந்தினர். மாலையில் நடனமும் சூதும் ஆடினர். 1750-களில் டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் கடல்நீரின் மருத்துவக் குணத்தைப் பரப்பியதன் விளைவாக, மீன்பிடி ஊராயிருந்த பிரைட்டனும் நாகரிக நகரமாயிற்று.

அந்தப் பிரைட்டனில் பெரும்புகழ் பெற்ற சிகிச்சையாளர் ஓர் இந்தியர். 1759 இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சேக் தீன் முஹம்மது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஓர் அதிகாரியுடன் சேர்ந்து, 1784 இல் அயர்லாந்து சென்றார். அங்கே மணமுடித்தபோது ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். 1794 இல் தமது பயண நூலை வெளியிட்டு, ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியரானார். லண்டனில் அவர் 1810 இல் திறந்த உணவு விடுதி நட்டத்தில் முடிந்தது. பின்னர் பிரைட்டனுக்கு வந்து, நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் 'சம்பீ' முறையும் கொண்ட குளியல் நிலையத்தை நடத்தினார். 'ஷாம்பூ' என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அந்தச் சம்பீயின் வழிவந்ததே.

முதலில் நகைத்த நகரம் பின்னர் வரிசையில் நின்றது. குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அந்நிலையத்தின் சுவர்களில் தொங்கின. மன்னர் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் பணியில் நியமித்தனர். 1851 இல் அவர் மறைந்தார்.

பாட்னாக்காரரின் கைத்திறன் போற்றத்தக்கது. ஆனால் அலெக்ஸாந்திரியாவுக்கும் பிரைட்டனுக்கும் இடையே நிகழ்ந்த மாறுதலைக் கவனிக்க வேண்டும். முன்னதில் நோயுற்ற அயலான் விருந்தாளி. பின்னதில் அவன் வாடிக்கையாளன். முன்னதில் ஊர் செலவழித்தது. பின்னதில் ஊர் சம்பாதித்தது. இன்றைய மருத்துவச் சுற்றுலா இந்த இரண்டாவது வழியில் வந்ததாகும்.

திசை மாறிய பயணம்

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் உயர்ந்த சிகிச்சை என்றால் மேற்கு என்றாயிற்று. லண்டன், வியன்னா, லோசான், நியூயார்க் என்று கிழக்கின் செல்வரும் தலைவரும் சென்றனர். கமலா நேரு 1936 இல் லோசானில் உயிர்நீத்தார். தமிழக முதல்வர் அறிஞர் அண்ணா 1968 இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை பெற்றார். எம்.ஜி.ஆர். 1984 இல் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். முதல்வர்களுக்கு அரசும் மக்களும் இருந்தனர். சாமானியனுக்கு அந்த வழி அடைபட்டே கிடந்தது.

இருதய நோயாளி ஒருவர் அமெரிக்கா சென்று சிகிச்சை பெறப் பணம் திரட்ட இயலாமல் 1979 இல் இறந்துபோனதே, சென்னையில் அப்பல்லோ மருத்துவமனையை நிறுவத் தம்மைத் தூண்டியது என்று அதன் நிறுவனர் டாக்டர் பிரதாப் ரெட்டி கூறியுள்ளார். அது 1983 இல் திறக்கப்பட்டது. பயணத்தில் குணமடைந்த ஒருவரால் கெய்ரோவின் மருத்துவமனை பிறந்தது. பயணம் செய்ய இயலாமல் மாண்ட ஒருவரால் சென்னையின் மருத்துவமனை பிறந்தது. வேலூரிலோ, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவ நிலையம் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் நோயாளிகளை ஈர்த்தது. அதன் அருகிலுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப் பலகைகளும் வங்க உணவு விடுதிகளும் இருப்பதைக் காணலாம்.

அயல்நாட்டு நோயாளியைத் தேடிப்பிடிக்கும் தொழிலுக்குப் பெரிய உந்துதல் தந்தது 1997 ஆம் ஆண்டின் ஆசியப் பொருளாதார நெருக்கடி. தாய்லாந்தின் பாட் நாணயம் சில மாதங்களிலேயே தன் மதிப்பில் பாதியை இழந்தது. உள்நாட்டு நடுத்தர வகுப்பார் தனியார் மருத்துவமனைக்கு வருவது குறைந்தது, கட்டில்கள் காலியாயின. ஆனால் டாலரும் ரியாலும் கொண்டு வருவோருக்கு அதே கட்டில் பாதி விலை. பாங்காக்கின் பம்ருங்ராட் மருத்துவமனை வெளிநாட்டாரை அழைக்கத் தொடங்கியது. 2001 க்குப் பின்னர் அமெரிக்கா செல்வது அரபு நாட்டாருக்குக் கடினமாகவே, அவர்களும் அங்கே திரும்பினர். அரபி மொழிபெயர்ப்பாளர், ஹலால் உணவு, தொழுமிடம் ஆகிய யாவும் ஆயத்தமாயின. அலெக்ஸாந்திரியாவின் கவனிப்பு அங்கே திரும்பவும் தோன்றியது, கட்டணத்தோடு.

இதில் வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சின்னஞ்சிறு தீவுகளில் பெரிய மருத்துவமனை கட்ட முடியாத மாலத்தீவு அரசு, 2012 இல் தொடங்கிய தனது காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தன் குடிகள் இந்தியாவிலும் இலங்கையிலும் சிகிச்சை பெற ஏற்பாடு செய்திருக்கிறது. செலவை அரசே ஏற்பதால் இதில் பழைய வக்ஃபின் சாயல் ஒன்று தெரிகிறது. ஆனால் அயல்நாட்டுச் சிகிச்சை அரசியலின் காற்றுக்கு அசைகின்ற விளக்கு என்பதையும் மறக்கலாகாது. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளுள் மிகப்பெரிய தொகையினராக இருந்தவர் வங்கதேசத்தினர். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் விசா வழங்குவது பெரிதும் குறைந்தது. தொடர்சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றனர். 2025 இல் சிலர் சீனத்தின் குன்மிங் நகரை நாடிச் சென்றனர்.

மலிவின் விலை

அயல்நாட்டில் சிகிச்சை மலிவாக இருப்பது ஏன்? மருத்துவரின் அறிவு மலிவானதன்று.  செவிலியரின் ஊதியம், துப்புரவாளரின் ஊதியம், கட்டடத்தின் விலை, நாணயத்தின் மதிப்பு ஆகியவை குறைவு. மருத்துவரில் பலர் அரசுக் கல்லூரியில் மக்கள் வரிப்பணத்தில் பயின்றவர்கள். ஆகவே, மலிவு என்பது ஒரு கையில் இலாபமாகவும் மறுகையில் யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்ட குறைவாகவும் இருக்கிறது. கெய்ரோவில் கல் சுமந்தவர்களைப் பற்றி அன்றைய அறிஞர் கேட்ட கேள்வி இங்கே மீண்டும் எழுகின்றது.

அக்கேள்வி மிகக் கொடிய வடிவம் எடுத்தது சிறுநீரக வாணிபத்தில். 1980-களில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளிலிருந்தும் ஓமானிலிருந்தும் பம்பாய்க்கு வந்து, விலைக்கு வாங்கிய சிறுநீரகத்தைப் பொருத்திக் கொண்ட 130 நோயாளிகளைப் பற்றி 1990 இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களிடையே இறப்பு மிகுதி, தொற்றுநோய்களும் மிகுதி. வாங்கியவர் நிலை இது. விற்றவர் நிலை என்ன? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. கடனை அடைப்பதற்காக விற்றோர் நூற்றுக்கு 96 பேர். விற்றபின் அவர்களது குடும்ப வருமானம் உயரவில்லை; மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உடல்நலம் கெட்டதாக நூற்றுக்கு 86 பேர் கூறினர். கடனும் பெரும்பாலோருக்கு ஒழியவில்லை.

இந்திய அரசு 1994 இல் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றி உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. மேற்சொன்ன 2002 ஆம் ஆண்டு ஆய்வு காட்டுவது போல், சட்டம் வந்தவுடன் வாணிபம் ஒழிந்துவிடவில்லை. 2008 இல் இஸ்தான்பூலில் கூடிய உலக மருத்துவ அறிஞர்கள், உறுப்பு வாங்கப் பயணம் செய்வதைக் கண்டித்துப் பிரகடனம் வெளியிட்டனர். தன் உயிரைக் காக்க ஒருவன் எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் மற்றொருவனின் வறுமையை விலைபேசும் இடத்தில் அவன் நின்றாக வேண்டும்.

மற்றொரு விலையும் உண்டு. 2007 இன் இறுதியில் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்து ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நோயாளியிடம், வலுமிக்க மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமி ஒன்று கண்டறியப்பட்டது. மருந்தை முறியடிக்கும் அதன் நொதிக்குப் புதுதில்லியின் பெயரையே சூட்டினர். 2010 இல் 'லான்செட்' குழுமத்து இதழொன்றில், சென்னை ஆய்வாளரும் பங்கு கொண்ட கட்டுரை இக்கிருமியின் பரவலை எடுத்துக்காட்டியபோது இந்திய அரசு சினந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சூழ்ச்சி என்று குரல்கள் எழுந்தன. பெயரைக் குறித்த வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் கிருமிக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. உள்ளூர் ஏழை படுக்கும் பொது மருத்துவமனையின் வடிகால் சீர்கெட்டுக் கிடக்க, பளிங்குத் தரையிட்ட தனியறை மட்டும் தூய்மையாக இருந்துவிட முடியாது.

ஆகவே, சிகிச்சைக்காகக் கடல் கடப்போர் சிலவற்றைக் கருத்தில் கொள்வது நலம். பழைய மருத்துவக் குறிப்புகளை முழுமையாக எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பும்போது அங்கே செய்ததை எல்லாம் எழுத்தில் பெற்று வர வேண்டும். இல்லையேல் ஊர் மருத்துவர் இருட்டில் தடவ நேரிடும். பெரிய அறுவைக்குப் பின் உடனே நெடுநேர விமானப் பயணம் செய்தால் காலில் குருதி உறையும் ஆபத்து உண்டு. மருத்துவரின் அனுமதி பெற்றே புறப்பட வேண்டும். விடுமுறையின் நாட்கணக்குக்கு ஏற்பப் புண் ஆறுவதில்லை.

மீண்டும் மதுரை

விருந்தாளி வாடிக்கையாளனாகிவிட்டான்; இனி பழைய வழி திரும்பாது என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கு மதுரை விடை சொல்கிறது.

இப்னு பதூதா புளி கரைத்துக் குடித்துப் பிழைத்த அதே நகரில், பணி ஓய்வு பெற்ற கண் மருத்துவர் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தரக்கூடியவர் தந்தனர். தர இயலாதவர் தராமலே பார்வை பெற்றனர். ஒருவரின் கட்டணம் மற்றவரின் சிகிச்சைக்குச் சென்றது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலையே ஏழைக்குத் தடை என்று கண்டபோது, 1992 இல் அதற்கெனத் தொழிற்கூடம் அமைத்து, விலையைப் பன்மடங்கு குறைத்தனர். பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் அங்கே வந்து பயின்று செல்கின்றனர். வக்ஃபு என்ற பெயர் அங்கே இல்லை; ஆனால் வக்ஃபின் உட்பொருள் இருக்கிறது. கடைவாடகையும் நில வருமானமும் கெய்ரோவில் செய்த வேலையை, செலுத்த வல்ல நோயாளியின் கட்டணம் மதுரையில் செய்கிறது.

அயல்நாட்டு நோயாளியிடம் கட்டணம் பெறுவது தவறன்று. அந்தக் கட்டணம் எங்கே போகிறது என்பதே கேள்வி. அது உள்ளூர் ஏழையின் கட்டிலைச் சென்றடைந்தால் பயணி அந்த ஊருக்குப் பேறாவான். அந்த ஏழையின் மருத்துவரைப் பிடுங்கிக் கொண்டால் அவன் அறியாமலே சுமையாவான்.

நம் சமுதாயத்திற்கும் இதில் பங்குண்டு. கடலோடிப் பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பினாங்கிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் நோயுற்றுக் கிடந்த நம் முன்னோரை யாரோ ஒருவர் பார்த்துக் கொண்டதனால்தான் அவர்களிற் பலர் ஊர் திரும்பினர். இன்று சென்னைக்கும் வேலூருக்கும் வரும் அயலாரில் பலர் செல்வர் அல்லர். நிலத்தையோ நகையையோ விற்றுவிட்டு வந்தவர்கள். நோயாளி உள்ளே இருக்க, உடன் வந்தவர் தெருவோரம் படுத்துறங்குவதைக் காண்கிறோம். இடைத்தரகர் அவர்களைப் பிடித்துக் கொள்வதற்கு முன், அவர்களது மொழி அறிந்த ஒருவர் போய் விசாரிக்கலாம். ஜமாஅத்தின் மாடியறை ஒன்றைத் திறந்து விடலாம். வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் ஒரு சிறுபகுதியை இதற்கென ஒதுக்கலாம். கூச்சத்தால் வாய் திறவாத அயலானைத் தேடிச் சென்று விசாரிக்க அலெக்ஸாந்திரியா ஆள் வைத்திருந்தது. அந்த வேலைக்குப் பெரிய மாளிகை தேவையில்லை. நாலுபேர் முன்வந்தால் போதும்.